டயர் பிரஷர் சென்சார் மாற்றப் போகிறீர்களா? கடையில் கூடவே நில்லுங்கள்

காரை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் குதிரை லாடம் மாதிரி, நடுவில் ஆச்சரியக்குறியோடு ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது இல்லையா, அதை முதலில் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எரிந்தது அப்படியே நிலையாக நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு, சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, உங்களுக்குத் தேவை காற்றுதான். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விட்டு விட்டு மின்னிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால் சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று கார் சொல்கிறது. பெரும்பாலான கார்களில் இதுதான் வித்தியாசம். இது தெரியாமல் காற்றுக் குறைவுக்கு சென்சார் மாற்றியவர்களும் உண்டு, சென்சார் செத்துப்போனதற்கு வாரம் இரண்டு முறை காற்று பிடித்துக்கொண்டே இருந்தவர்களும் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: ஸ்டெப்னி மாட்டியிருக்கிறீர்களா? நம் ஊரில் வரும் பல கார்களில் நான்கு சக்கரத்தில்தான் சென்சார் இருக்கும், இரும்பு ரிம் ஸ்டெப்னியில் வெறும் ரப்பர் வால்வுதான். பஞ்சரான சக்கரத்தை டிக்கியில் போட்டுவிட்டு ஸ்டெப்னியோடு ஓட்டினால் விளக்கு மின்னத்தான் செய்யும். அது பழுது இல்லை.

உங்கள் காரில் உண்மையிலேயே சென்சார் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், ஹோண்டா கார்கள் பலவற்றில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சாரை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சிறுக்கும், அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும், அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த மாதிரி காருக்கு மாற்ற ஒன்றுமில்லை, காற்றைச் சரியாக நிரப்பிவிட்டு மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் செய்தால் போதும். ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக 33, 32 என்று காற்றழுத்த எண் (பிஎஸ்ஐ அளவில்) காட்டுகிற கார் என்றால் உள்ளே சென்சார் இருக்கிறது. ரப்பர் வால்வுக்குப் பதிலாக வெளியே உலோக வால்வு நீட்டிக்கொண்டு அடியில் ஒரு சின்ன நட் தெரிந்தாலும் அநேகமாக அதேதான். ஆனால் ரப்பர் வால்வோடு சென்சார் வருகிற கார்களும் இருக்கின்றன, அதனால் ரப்பரைப் பார்த்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

சென்சார் ஏன் சாகிறது? பெரும்பாலும் பேட்டரி. உள்ளே ஒரு லித்தியம் பட்டன் செல்லை வைத்து மேலே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், தண்ணீரும் அதிர்வும் போகாமல் இருக்க. ஆயுள் 5 முதல் 10 வருஷம், நிறைய ஓடுகிற காரில் சீக்கிரம் தீரும். பிசினைச் சுரண்டிப் புது செல் வைத்து ஈயம் உருக்கி ஒட்டுகிறவர்களின் வீடியோக்கள் இருக்கின்றன, நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சின்னப் பெட்டியின் மேல் வருகிற விசை சாதாரணமானது இல்லை, கையால் ஒட்டிய ஈயம் பிய்ந்தால் செல் டயருக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கும்.

பேட்டரிக்கு அடுத்தபடியாக நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று உப்புக்காற்று. நான் இருப்பது தூத்துக்குடியில், இங்கே இரும்பில் துரு ஏறுவது எல்லோருக்கும் தெரியும், அலுமினிய வால்வு வெள்ளையாகப் பொரிந்து உதிர்வதைப் பலர் கவனிப்பதில்லை. அலுமினியத் தண்டுக்குள் சாதாரண பித்தளை வால்வு பின்னை (காற்று வெளியே வராமல் அடைக்கும் உள் ஊசி) போட்டுவிட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். சென்சாரோடு வரும் பின் நிக்கல் பூச்சு போட்டது, வெள்ளி நிறத்தில் இருக்கும். பஞ்சர் கடையில் பின் லீக் என்று மாற்றும்போது மஞ்சள் பின் போட்டுவிடுவார்கள். அழகுக்காகப் போடும் உலோக மூடியும் இதே வேலையைத்தான் செய்யும், ஆறு மாதம் கழித்துத் திருகினால் மூடியோடு வால்வின் தலையும் உடைந்து கையில் வரும். பிளாஸ்டிக் மூடி போதும், மூடி இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

இரண்டாவது பஞ்சர் லிக்விட். டியூப்லெஸ் டயரில் ஊற்றுகிற பச்சை, நீலத் திரவம் சென்சாரின் காற்றுத் துளையை அடைத்துவிடும். துளை குண்டூசி முனை அளவுதான் இருக்கும். அடைபட்ட சென்சார் சாகாது, பழைய அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும், அது சாவதைவிட மோசம். 2020இல் மத்திய அரசு விதியை மாற்றி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் இந்த எச்சரிக்கை அமைப்பும் இருக்கிற 3.5 டன்னுக்கு உட்பட்ட கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆக்கியது. அதனால் ஸ்டெப்னிக்குப் பதில் கிட்டோடு வருகிற கார்களில் அவசரத்துக்கு லிக்விட் ஊற்றத்தான் வேண்டியிருக்கும். ஊற்றினால் தப்பில்லை, கடைக்குப் போனதும் டயரைக் கழற்றி சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

என் காரில் நடந்தது இந்த இரண்டும் இல்லை. மதுரைக்குப் போகும்போது எட்டயபுரம் தாண்டியதும் பின்பக்க இடது டயர் 33லிருந்து 29, அப்புறம் 26 என்று இறங்கியது. விளக்கு எரிந்ததால்தான் தெரிந்தது, ஸ்டியரிங்கில் ஒரு மாற்றமும் இல்லை. ரோட்டோரக் கடையில் நிறுத்தினோம். ஆணி குத்தியிருந்தது பக்கச் சுவரை ஒட்டி, அதனால் உள்ளிருந்து பேட்ச் போட டயரைக் கழற்ற வேண்டியதாயிற்று. நான் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேட்ச் போட்டு முடிந்திருந்தது, சக்கரம் மாட்டியாகிவிட்டது, மீட்டரில் அந்த டயருக்கு மட்டும் எண்ணுக்குப் பதில் கோடு. பிறகு தூத்துக்குடியில் கழற்றிப் பார்த்தால் சென்சார் பெட்டி வால்வு ஒட்டுகிற கழுத்தில் இரண்டாக முறிந்து டயருக்குள் கிடந்தது, ரிம்மின் உள்பக்கம் கடப்பாரை இழுத்த கோடு. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, உள்ளே சென்சார் இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: டயரில் யார் கை வைப்பதற்கு முன்னும் "அண்ணே, உள்ள சென்சார் இருக்கு, வால்வு பக்கம் கம்பி விடாதீங்க" என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

சரி, மாற்றுவதற்கு வருவோம். எந்தச் சக்கரம் என்று முதலில் தெரிய வேண்டும். எண் காட்டும் காரில் கோடு விழுந்திருக்கிற இடம்தான். ஆனால் சமீபத்தில் டயர் ரொட்டேஷன், அதாவது சக்கரங்களை இடம் மாற்றிப் போடுவது, செய்திருந்தால் நம்பாதீர்கள், சில கார்கள் இடம் மாறியதைத் தாங்களே புரிந்துகொள்ளும், சில புரிந்துகொள்ளாது. சோதிக்க எளிய வழி: ஒரு டயரில் 3 பிஎஸ்ஐ குறைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு எந்த எண் மாறுகிறது என்று பாருங்கள். விளக்கு மட்டும் உள்ள காருக்கு கடையில் ஒரு கைக்கருவி இருக்கும், வால்வு பக்கத்தில் பிடித்து பட்டனை அழுத்தினால் அது தாழ் அலைவரிசையில் சென்சாரைத் தட்டி எழுப்பும், சென்சார் தன் ஐடி (அடையாள எண்), அழுத்தம், வெப்பநிலை, பல மாடல்களில் பேட்டரி நிலையையும் சொல்லும். பதில் வராத சக்கரம்தான் குற்றவாளி. கருவி இல்லாத கடையில் சென்சார் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒன்று செத்தால் ஒன்றை மாற்றுவதா, நான்கையும் மாற்றுவதா? உடைந்து போயிருந்தால் ஒன்று போதும். 6, 7 வருஷக் காரில் பேட்டரி தீர்ந்திருந்தால் மற்ற மூன்றும் அதே நாளில் பிறந்தவைதான், வரிசையாகப் போகும். ஒவ்வொரு முறையும் டயர் கழற்ற, மாட்ட, பேலன்சிங் என்று கூலி கொடுப்பதைவிட அடுத்த முறை புது டயர் போடும்போது நான்கையும் மாற்றிவிடுங்கள். டயர் அப்போது எப்படியும் கழன்று கிடக்கும். அதுவரை மூன்று சென்சாரோடு ஓட்டலாம், கையில் ஒரு காற்று கேஜ் வைத்துக்கொண்டு.

வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சென்சார் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் பேசும் அலைவரிசை வேறு. நம் ஊர்க் கார்களிலும் ஐரோப்பியக் கார்களிலும் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் விற்ற கார்கள் பலவற்றில் 315. ஆன்லைனில் அதே காரின் பெயரைப் போட்டு மலிவாகக் கிடைக்கிறதென்று 315ஐ வாங்கினால் ரிம்மில் அழகாக உட்காரும், காரிடம் ஒரு வார்த்தை பேசாது. அலைவரிசை சரியாக இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியும் தகவலை அனுப்பும் முறை வேறு. அதனால் பார்ட் நம்பர் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பழைய சென்சாரின் முதுகில் அச்சடித்திருக்கும். கம்பெனி சென்சார் வேண்டாம் என்றால் புரோகிராம் செய்யக்கூடிய பொது சென்சார்கள் வருகின்றன, கடைக் கருவியில் கார் மாடலையும் வருஷத்தையும் தேர்ந்தெடுத்து எழுதிவிடலாம். இதில் ஒரு பெரிய வசதி, பழைய சென்சாரின் ஐடியையே புதியதில் நகல் எடுக்கலாம். காருக்கு ஆள் மாறியதே தெரியாது, மறுபடி அறிமுகம் செய்யும் வேலை மிச்சம். பழையது செத்திருந்தாலும் அதன் முதுகில் இருக்கிற ஐடியைக் கையால் தட்டச்சு செய்து எழுதலாம், எனவே பழையதைக் குப்பையில் போடும் முன் போட்டோ எடுங்கள்.

இப்போது கடையில். சக்கரத்தைக் கழற்றியதும் முதல் வேலை வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க விடுவது. அடுத்தது டயரின் விளிம்பை, கடைக்காரர்கள் பீடு என்பார்கள், ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிப்பது. ஆபத்தான இடம் இதுதான். மெஷினின் அமுக்குக் கை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும்படி சக்கரத்தை வைக்கச் சொல்லுங்கள், வால்வுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்துக்கு அமுக்கவே கூடாது. சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பிரிக்கும்போதும் அதேதான். திருப்பும்போது வால்வு இருக்கும் இடம் கண்ணில் படாமல் போய்விடும், அதனால் நான் இரண்டு பக்கமும் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

பிறகு டயரை மேலே இழுக்கும் கட்டம். சென்சார் மெஷின் தலைக்கு நேர் கீழே இருந்தால் நெம்புகம்பியின் முனை அதன் மேல் இறங்கும். சக்கரம் சுற்றுகிற திசையில் தலையைக் கொஞ்சம் தாண்டி வால்வு இருக்கட்டும், கம்பி போட்டுச் சுற்ற ஆரம்பித்ததும் சென்சார் விலகிப் போய்விடும். புது டயர் ஏற்றும்போது விதி இது: கடைசியாக இறுகி உள்ளே விழுகிற பகுதி சென்சார் இருக்கும் இடத்தில் வரக்கூடாது. மெஷின் ஓட்டுபவருக்கு இதை விளக்க வேண்டாம், சென்சார் எங்கே என்று காட்டினாலே அனுபவசாலி தானாக இடம் மாற்றி வைப்பார். மாற்றி வைக்காதவரிடம் வேலையை நிறுத்தச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

டயர் ஒதுங்கியதும் சென்சார் தெரியும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி, ரிம்மின் குழிவில் படுத்திருக்கும். உலோக வால்வு என்றால் வெளிப்பக்க நட்டைக் கழற்றினால் பெட்டியோடு உள்ளே வந்துவிடும். ரப்பர் வால்வு என்றால் பெட்டியை வால்வோடு பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூவை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் ரப்பரை வெட்டியோ இழுத்தோ எடுங்கள்.

புதியதைப் போடும் முன் ரிம்மின் வால்வு துளையைப் பாருங்கள். என் ரிம்மில் துளையைச் சுற்றிப் பழைய ரப்பரின் கறுப்பு வளையமும் அதன் மேல் உப்புப் பொடி மாதிரி வெள்ளைப் பொருக்கும் இருந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்று பட்டது. அதன் மேல் புது ரப்பர் வாஷரை வைத்து இறுக்கினால் வாரத்துக்கு 2, 3 பிஎஸ்ஐ கசியும், எங்கே கசிகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பழைய துணியால் ஈரமாகத் துடைத்து, மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பிறகுதான் வாஷர் உட்கார வேண்டும். பழைய சென்சாரைத் திரும்பப் போடுவதானாலும் ரப்பர் வாஷர், நட், பின், மூடி நான்கும் புதிதாக இருக்க வேண்டும். சர்வீஸ் கிட் என்று தனியாகக் கிடைக்கும்.

இறுக்குவது இந்த வேலையின் உயிர். இறுக்கத்தை அளப்பது நியூட்டன் மீட்டரில், சக்கர நட்டை 100 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் இறுக்குகிறோம், வால்வு நட்டுக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வரைதான், சரியான எண் சென்சாரோடு வரும் தாளில் இருக்கும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏர் கன் வைத்து 'டர்ர்' என்று ஒரு அடி அடித்தால் அலுமினியத் தண்டு அங்கேயே விரிசல் விடும், அன்று தெரியாது, ஒரு மாதம் கழித்து ரோட்டில் தெரியும். கையால் சுற்றி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ஸ்பேனரால் முடிக்கச் சொல்லுங்கள். இறுக்கும்போது உள்ளே பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து சுற்றி ரிம்மில் முட்டும். பெட்டி ரிம்மின் உதட்டைவிட மேலே எழும்பி நிற்கக்கூடாது. காற்று ஏற்றி டயர் உட்கார்ந்த பிறகு நட்டை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ரப்பர் வால்வுக்கு இந்தத் தலைவலி இல்லை, சோப்புத் தண்ணீர் தடவி நேராக இழுத்தால் டப்பென்று உட்காரும்.

டயரை ஏற்றும் முன்னாலேயே புது சென்சாரின் ஐடியைப் போட்டோ எடுத்து, எந்தச் சக்கரம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கருவியால் ஒருமுறை எழுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பெட்டியிலேயே செத்து வருகிற சென்சார்களும் உண்டு, டயரை ஏற்றிய பிறகு தெரிந்தால் இன்னொரு கூலி. பேலன்சிங் கட்டாயம், சென்சாரின் எடை சுமார் 30 கிராம் இருக்கும், மாடல் மாறினால் எடையும் மாறும்.

அடுத்து காருக்கு அறிமுகம் செய்வது. இது காருக்குக் கார் மாறும், ஆனால் வகை மூன்றுதான். சில கார்கள் ஓட்டினாலே தாங்களாகக் கற்றுக்கொள்ளும். அந்த வகைக்கு 20 நிமிடம் காரை நிறுத்திவைத்துவிட்டு, அப்புறம் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சீராக ஒரு 20 நிமிடம் ஓட்டினால் போதும், டவுனுக்குள் ஊர்ந்தால் வேலை ஆகாது, பைபாஸுக்குப் போங்கள். சிலவற்றில் காரை நிறுத்தி கற்றுக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்து, முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று வரிசையாகக் கருவியால் ஒவ்வொரு சென்சாரையும் தட்ட வேண்டும், ஷெவர்லே கார்களில் ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்து ஒப்புக்கொள்ளும். மூன்றாவது வகையில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினியோடு கருவியை இணைக்கும் ஓபிடி சாக்கெட் வழியாக ஐடிகளை நேரடியாக எழுத வேண்டும், டொயோட்டா மாடல்கள் பல இப்படித்தான். உங்கள் காருக்கு எது என்று ஓனர் புத்தகத்தில் இருக்கும், கடைக் கருவியும் சொல்லும். ஒரு எச்சரிக்கை: கழற்றிய பழைய சென்சார்கள் உயிரோடு இருந்தால் அவற்றை டிக்கியில் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். அவையும் பேசும், கார் குழம்பும்.

வால்வு மேல் மூடி மாதிரித் திருகுகிற வெளி சென்சார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் சிஆர்1632 மாதிரி ஒரு பட்டன் செல்தான், நீங்களே திறந்து மாற்றலாம், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தைத் தவறவிடாமல் திரும்ப வைத்தால் சரி. ஒன்று மட்டும், உள் சென்சார் இருக்கிற அலுமினிய வால்வின் மேல் இதையும் மாட்டாதீர்கள், பிடித்துக்கொண்டால் இரண்டும் போகும்.

வீட்டுக்கு வந்ததும் சோதித்துவிடுங்கள். அமெரிக்க விதி குறிப்பிட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்கிறது, அதாவது 33 பிஎஸ்ஐ டயருக்குக் கிட்டத்தட்ட 25. மற்ற கார்களிலும் கணக்கு பெரிய அளவில் மாறாது. காற்று பிடிக்கும் பம்ப் கையில் இருந்தால் புது சென்சார் இருக்கிற டயரில் 24 வரை இறக்கி, தெருவில் மெதுவாக ஒரு சுற்று வந்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உடனே நிரப்புங்கள். 25 என்பது மிகத் தாமதமான எச்சரிக்கை என்பதும் இதில் புரியும், 29இல் ஓடும் டயரின் தோள், அதாவது இரு ஓரமும், தேய்ந்துகொண்டே இருக்கும், விளக்கு வாயே திறக்காது. அதனால் மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பதை விடாதீர்கள்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், வண்டியை எடுக்காமல் நான்கு டயரிலும் அழுத்தத்தைக் குறித்துவையுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினாலே 1 பிஎஸ்ஐ கூடும், அதனால் மதியம் பார்த்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம், அதற்கடுத்த நாள் காலை எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையை எடுத்து வால்வின் அடியிலும் வாயிலும் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். அடியில் முட்டை விட்டால் வாஷர் சரியாக உட்காரவில்லை, வாயில் விட்டால் பின்னை இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, மாற்றிய தேதியையும் ஐடிகளையும் சர்வீஸ் புத்தகத்தின் பின்னால் எழுதிவிடுங்கள்.